விசிறி அசையவில்லை

மார்ச் 3
விர்ச்சுவல் மெஷினில், அதாவது கணினிக்குள் ஓடும் போலிக் கணினியில், உபுண்டு 22.04 லினக்ஸ் ஏற்றியாயிற்று. கிராபிக்ஸ் கார்டு டிரைவரை நிறுவப் போனால், அப்படி ஒரு கார்டே இல்லை என்கிறது. கேபினெட்டைத் திறந்து பார்த்தேன். இருக்கிறது, ஆனால் விசிறி அசையவில்லை.

மார்ச் 4
தப்பு என்னுடையதுதான். உள்ளே ஓடும் லினக்ஸுக்குத் தெரிவதெல்லாம் ஹோஸ்ட், அதாவது வெளியே இருக்கும் நிஜக் கணினி, கொடுத்த போலி விஜிஏ கார்டு ஒன்று. அசலை ஹோஸ்ட் தன் மடியிலேயே வைத்திருக்கிறது. அதைப் பிடுங்கிக் கொடுக்காமல் டிரைவர் தேடி என்ன பயன்?

அண்ணன் கூப்பிடவில்லை.

மார்ச் 5
பயாஸில் ஐஓஎம்எம்யூவை இயக்கினேன், கார்டை விர்ச்சுவல் மெஷினுக்கு நேரடியாகக் கொடுக்க அது வேண்டும். கார்டு ஒன்றுதான், முகவரி இரண்டு: 01:00.0 படத்துக்கு, 01:00.1 எச்டிஎம்ஐ ஒலிக்கு. இரண்டும் ஒரே ஐஓஎம்எம்யூ குழு. கூட்டுக் குடித்தனம், ஒருவரை மட்டும் அனுப்ப முடியாது. இரண்டையும் விஎஃப்ஐஓ என்ற கைமாற்றும் டிரைவரிடம் ஒப்படைத்த பிறகு, எல்எஸ்பிசிஐ காட்டும் சாதனப் பட்டியலில் அந்த டிரைவரின் பெயர் வந்தது. மானிட்டர் கேபிளை மதர்போர்டுக்கு மாற்றிவிட்டேன்.

விசிறி இன்னும் அசையவில்லை. கார்டு செத்துவிட்டதோ? டார்ச் அடித்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் இறகில் மட்டும் தூசி கோடாகப் படிந்திருந்தது.

மார்ச் 6
கணினியைத் தொடவில்லை. போன் பக்கத்திலேயே இருந்தது.

மார்ச் 7
இப்போது உள்ளே கார்டு தெரிகிறது. ஆனால் லினக்ஸோடு கூடவே வரும் நூவோ டிரைவர் முந்திக்கொண்டு அதைப் பிடித்துவிட்டது. நூவோ என்றால் பிரெஞ்சில் ‘புதிது’. எனக்கோ பழைய தலைவலி. ஏற்றக்கூடாது என்று பிளாக்லிஸ்ட் ஃபைலில் அதன் பெயரை எழுதி ரீபூட் செய்தேன். அசையவில்லை, அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது: இனிட்ராம்எஃப்எஸ் என்ற பூட் தொகுப்பைப் புதுப்பிக்கவில்லை. பூட்டின் முதல் நொடிகளில் படிக்கப்படுவது அந்தப் பழைய பிரதிதான்.

மார்ச் 8
லினக்ஸின் மையமான கெர்னலுக்கு ஹெடர்ஸ் போட்டேன். டிகேஎம்எஸ் என்ற கருவி, இந்தக் கெர்னலுக்கென்றே டிரைவர் மாட்யூலைக் கட்டி முடித்தது. ஒரு எரர் இல்லை. மாட்யூலை ஏற்றினால் மட்டும் ‘சாவி நிராகரிக்கப்பட்டது’. கையெழுத்துச் சரியில்லாததை ஏற்றவிடாத செக்யூர் பூட் விர்ச்சுவல் மெஷினுக்கும் உண்டு, அதை உருவாக்கும்போது நானே டிக் அடித்தது. சரி, கையெழுத்துச் சாவியைப் பதிய வேண்டும். மோக்யூட்டில் கட்டளையில் ஒரு கடவுச்சொல் வைத்து ரீபூட் செய்தால் நீலத் திரை வரும். 10 நொடிக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்த வேண்டும். 10, 9, 8... போன் அடித்தது. ஓடினேன். கடன் வேண்டுமா என்று ஒரு பெண் குரல். திரும்பி வந்தால் லாகின் திரை, ஒன்றுமே நடக்காத மாதிரி.

போனைத் தூக்கி அடுத்த அறையில் வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. நீலத் திரை, சாவியைச் சேர், தொடர், ஆம், கடவுச்சொல். ரீபூட்.

மாட்யூல் ஏறிவிட்டது! டிரைவர் காட்டும் அட்டவணையில் கார்டின் பெயர், சூடு 41 டிகிரி, விசிறி 0 சதவீதம். சூடு குறைவாக இருந்தால் விசிறியை நிறுத்தியே வைக்கும் ரகமாம் இது. ஐந்து நாளாக டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அடுத்த அறைக்குப் போனேன். மூன்று மிஸ்டு கால். அண்ணன்.

மார்ச் 9
கெர்னல் அப்டேட் வந்திருக்கிறதாம். இருக்கட்டும்.