காசிமேட்டில் ஆயா விளக்காமல் விட்டவை

தாம்பரத்தில் குடியேறிய பிறகு, வடசென்னைக்குப் போவது கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் மட்டுமே என்றாகிவிட்டது. இம்முறை அப்படி எந்தக் காரணமும் இல்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் மகளை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். நான் வளர்ந்த இடங்களைக் காட்டப் போவதாக அவளிடம் சொல்லியிருந்தேன். என் பாட்டியான ஆயாவிடம் நான் கற்றவற்றில் ஏதேனும் அவளுக்கும் அங்கே கிடைக்குமா என்று பார்க்கும் ஆசையும் இருந்தது, அதைச் சொல்லவில்லை.

கடற்கரை நிலையத்தில் வண்டி மாறி இராயபுரத்தில் இறங்கினோம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856இல் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்ட இடம் இதுதான் என்று தூண்களைக் காட்டி ஆரம்பித்தேன். அவள் கொட்டாவி விட்டாள். ஆட்டோ பிடித்துக் காசிமேட்டுக்குப் போனோம்.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தைப் படத்தில் பார்த்தவர்களுக்கு அதன் சத்தமும் ஈரமும் தெரியாது. விசைப்படகுகளிலிருந்து கூடை கூடையாக இறங்கும் சங்கராவும் வஞ்சிரமும் கானாங்கெளுத்தியும் தரையைத் தொடுவதற்குள் ஏலக்குரல் எழும்பிவிடும். ஏலத்தில் எடுத்ததைச் சற்றுத் தள்ளிக் கூறுகட்டி விற்கும் பெண்களிடம்தான் எங்களைப் போன்ற வீட்டுக்காரர்கள் வாங்குவோம். ஆயா அந்த வரிசையில் ஒரு சுற்று முழுவதும் எதையும் தொடாமல் நடப்பார். இரண்டாவது சுற்றில்தான் குனிந்து, செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்த்து, கண் தெளிவாக இருக்கிறதா என்று நோக்கி, விரலால் அழுத்திப் பள்ளம் விழுகிறதா என்று சோதிப்பார். மீன் சரியில்லை என்றால் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து அடுத்த கூறுக்குப் போய்விடுவார். ஏன் சொல்லவில்லை என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "நாலு பேர் காதுல வுழுந்தா அவ பொழப்பு போச்சுடா" என்றார். அதற்குமேல் அவர் விளக்கவில்லை. வேலைக்குப் போய், பத்துப் பேர் நடுவில் ஒருவரின் குறையை மேலதிகாரி விரித்துப் பேசிய கூட்டமொன்றில் உட்கார்ந்திருந்தபோதுதான், மீனுக்காக மட்டும் அதை அவர் சொல்லவில்லை என்று எனக்கு உறைத்தது.

விலையிலும் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. மீனுக்கு விடாப்பிடியாகப் பேரம் பேசுபவர், மீனை அரிந்து கொடுப்பவரிடம் கூலியைக் குறைக்கச் சொன்னதை நான் பார்த்ததில்லை.

நான் சிறுவனாக இருந்த காலத்தில் மீன்பிடித் தடைக்காலம் 45 நாட்கள். 2017இலிருந்து அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களாக நீண்டிருக்கிறது. முட்டையிடும் பருவம் என்பதால் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். எங்களுக்கோ அது கோடை விடுமுறை. வஞ்சிரம் கேட்டு அடம்பிடித்த என்னிடம், "அதுங்களும் குடும்பம் நடத்த வேணாமா" என்று கேட்டுவிட்டு, ஆயா கருவாட்டுக் குழம்பை ஊற்றுவார். இவற்றையெல்லாம் சொல்லி அவரை ஞானியாக்க நான் விரும்பவில்லை. ஒரு வளையல் தகராறில் சித்தியோடு வருடக்கணக்கில் பேசாமல் இருந்தவரும் அவர்தான்.

இவற்றை நினைத்தபடி நான் சங்கராவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்துக் கூறில் குனிந்திருந்த மகள், "அப்பா, இது நாறுது!" என்று உரக்கச் சொன்னாள். விற்ற அம்மாள், "உன் மாரி நாலு பேர் வந்தா நான் கடைய மூட வேண்டியதுதான் கண்ணு" என்று சிரித்தார். தள்ளி வந்த பிறகு ஆயா சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் சற்று யோசித்து, "அப்போ தெரியாம வாங்கறவங்க ஏமாந்துடுவாங்களே?" என்றாள். இந்தக் கேள்வியை ஆயாவிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கேட்டிருந்தால், "அவங்கவங்களுக்குக் கண்ணு இல்லியா" என்று முடித்திருப்பார். அந்தப் பதில் எனக்கே போதவில்லை என்பதால் மகளிடம் அதைச் சொல்லவில்லை.

மீன் பையைத் தண்டையார்பேட்டையில் அக்கா வீட்டில் கொடுத்துவிட்டு, குளித்து, சாப்பாட்டுக்கு முன்பே திருவொற்றியூர் போய்விட வேண்டும் என்பது ஆயா காலத்து ஒழுங்கு. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு அது எளிதாகிவிட்டது. தியாகராஜர் கோயில் என்று ஊர் அழைக்கும் அக்கோயிலில், ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்கள் மட்டுமே கவசம் களையப்படும். அந்த நாட்களின் நெரிசலில் ஆயாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மற்ற நாட்களில் ஏன் மூடி வைக்கிறார்கள் என்று கேட்டால், "உள்ள இருக்காருன்னு தெரியுமில்ல, அது போதும்" என்பார். சின்ன வயதில் இது பதில் தெரியாதவர் சமாளிக்கும் பேச்சாகவே எனக்குப் பட்டது. இப்போதும் பாதி அப்படித்தான் படுகிறது.

மகளிடம் ஆயாவின் பதிலைச் சொல்லாமல், மூன்று நாள் வழக்கத்தை மட்டும் சொன்னேன். கார்த்திகைப் பௌர்ணமி எந்தக் கிழமையில் வருகிறது என்று கேட்டாள். பள்ளி நாளாக இருந்தால் விடுப்புக்கு அவள் அம்மா சம்மதிக்க வேண்டும். அதை அவளே பேசிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.