ஒரு அட்டை அவில்

"தம்பிக்கு எறா ஒத்துக்காது சார். ரெண்டு தரம் தொண்டை அடைச்சு, ஆஸ்பத்திரில ஊசி போட்டுத்தான் மூச்சே வந்துச்சு. விடிஞ்சா மலேசியா ஃபிளைட்டு. அவில் ஒரு அட்டை குடுங்க, போதும்ல?"

கேட்டது ஒரு அக்கா. ராத்திரி ஒன்பதே முக்கால், ஷட்டர் பாதி இறங்கியாயிற்று. பழைய வண்ணாரப்பேட்டையில் என் மருந்துக் கடையில் தினம் பத்துப் பேர் கேட்கிற "போதும்ல"தான். இது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

போதாது என்றேன். அவில் அலர்ஜி மாத்திரை; தடிப்பையும் அரிப்பையும் அடக்கும், அதற்கும் அரை மணி நேரமாவது ஆகும். தொண்டை வீங்கி பிரஷர் இறங்குகிறபோது அது ஒன்றும் செய்யாது. தூக்கம் வேறு வரும். மாத்திரையில் சொக்குகிறானா, மயங்குகிறானா என்று கூட இருப்பவனுக்குப் பிடிபடாது. அப்போது உயிரைப் பிடித்து நிறுத்துவது அட்ரினலின் ஊசிதான். பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்க நடுச் சதையில். 5 நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இன்னொன்று. ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும், மூச்சு முட்டினால் காலை நீட்டி உட்காரவைக்கலாம்; எழுப்பி நடத்தக் கூடாது. தெளிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சில மணி நேரம் கழித்துத் திரும்ப வருவதுண்டு.

"அப்ப அதையே குடுங்க சார்."

சீட்டு இல்லாமல் தர முடியாது என்றேன்.

தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆம்பூல் என்கிற கண்ணாடிக் குப்பியில் இருப்பது 1 மில்லி (1 மில்லிகிராம்), தேவை அதில் பாதி. தலையைச் சுண்டி மருந்தைக் கீழே இறக்கி, கழுத்தில் இருக்கிற புள்ளி நம்மைப் பார்த்திருக்க, பஞ்சு சுற்றிப் பின்பக்கமாக ஒடிக்க வேண்டும். மூச்சு முட்டுகிறவன் கை அதைச் செய்யுமா? வீட்டில் கிடக்கிற இன்சுலின் சிரிஞ்சை எடுப்பார்கள். அதன் ஊசி குட்டை, தோலடிக் கொழுப்போடு நின்றுவிடும். கோடுகளும் மில்லிக்கு அல்ல, யூனிட்டுக்கு. 40 யூனிட் சிரிஞ்சில் 20-ஆம் கோடுதான் அரை மில்லி, 100 யூனிட்டில் 50. சதைக்கு 23 கேஜ், ஒரு அங்குல ஊசி வேண்டும். தெரியாமல் ரத்தக் குழாயில் ஏற்றிவிட்டால் இதயமே தாளம் தப்பும். டாக்டர் ஒருவர் உட்காரவைத்து சிரிஞ்சில் வெறும் தண்ணீரை உறிஞ்சிப் பழக்கியிருக்க வேண்டிய வேலை இது. தொடையில் வைத்து அழுத்தினாலே குத்திக்கொள்கிற பேனா மாதிரியான ஊசி நம்மூர் மெடிக்கலில் சாதாரணமாகக் கிடைப்பதில்லை.

எல்லாம் சரி. நைட் டியூட்டி டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரி ஆட்டோவில் 10 நிமிடம். "போய்ச் சீட்டு எழுதி வாங்கிட்டு வாங்கம்மா, கடையைத் திறந்தே வைக்கிறேன்" என்று ஏன் வாயில் வரவில்லை?

அதற்குப் பதிலாகச் சாப்பாட்டைப் பற்றிப் பாடம் எடுத்தேன். "எறா இருந்தா அவன் தொடமாட்டான் சார், காசிமேட்டுப் புள்ளை" என்றார் அக்கா. மலேசியாவில் எறா எறாவாக வராதே! நம் சென்னாக்குன்னி மாதிரிப் பொடி எறாவை உப்புப் போட்டுப் புளிக்கவைத்து, இடித்துக் காயவைத்த கட்டிக்கு பெலாச்சான் என்று பெயர். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கோடு வருகிற சம்பலில் பெரும்பாலும் அது இருக்கும். கங்கோங் கீரையை வதக்குவதே அதில்தான், பார்த்தால் வெறும் கீரை. மிளகாயோடு அரைபட்டுவிட்டால் கருவாட்டு வாடை மாதிரிதான் அடிக்கும், காசிமேட்டு மூக்கும் ஏமாறும். எறாவில் அலர்ஜியைக் கிளப்புகிற புரதம் வேகவைத்தாலும் பொரித்தாலும் அழியாது. அதனால் எறா பொரித்த எண்ணெயில் போட்ட வாழைக்காயும் அவனுக்கு ஆகாது. தமிழ் பேசுகிற மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடை) கேட்டுச் சாப்பிடலாம்தான், ஆனால் மீ கோரெங் என்கிற நூடுல்ஸ் எல்லாவற்றையும் வதக்குகிற சட்டி ஒன்றுதான்.

பில்லின் பின்பக்கம் மலாய்ச் சொற்களை எழுதிக் கொடுத்தேன். உடாங் என்றால் எறா, கெத்தாம் என்றால் நண்டு. "சாயா அலாஹான் உடாங், ஜாங்ஙான் லெத்தாக் பெலாச்சான்": எனக்கு எறா அலர்ஜி, பெலாச்சான் போடாதீர்கள். சமையல்காரருக்குக் காட்ட ஆங்கில எழுத்திலும் ஒரு தரம். அவசரத்துக்கு 999. என்றைக்காவது ஊசி வாங்கினால் டாக்டர் கடிதத்தோடு கைப்பையில்தான் வைக்க வேண்டும், லக்கேஜில் போடக் கூடாது, மருந்து பழுப்பாகிவிட்டால் தூக்கி எறிய வேண்டும் என்றும் எழுதினேன். வாங்காத ஊசிக்கு இவ்வளவு விவரம்.

அக்கா அதை மடித்து அவில் அட்டையோடு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டார்.

அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்க மாதாமாதம் வருகிறார். தம்பி எப்படி இருக்கிறான் என்று நான் கேட்பதில்லை. போன வாரம் அவரே சொன்னார்: "தெரிஞ்சவங்க ஊருக்குப் போறாங்க, தம்பிக்குக் குடுத்தனுப்பணும். அவில் ரெண்டு அட்டை."

எடுத்துக் கொடுத்தேன். டாக்டரைப் பார்த்தானா என்று கேட்டது பில் போட்ட பிறகுதான்.