யாரைப் பார்த்து எழுதினாய்?

நம் பள்ளிப் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கண்ணே என்று சங்கத்துத் தம்பி மூன்று தடவை போன் போட்டுவிட்டார். சிங்கப்பூரில் ஓர் ஆய்வகத்தில் முப்பது வருஷம் சோதனைக் குழாய் கழுவிய உயிர்வேதியியல்காரன் எழுதினால் யார் படிப்பார்கள் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அப்புறம் நம் கெமிஸ்ட்ரி சார் ஞாபகம் வந்தது.

பிளஸ் டூவில் பிராக்டிகல் நோட்டை எல்லோரும் அந்தப் பாம்பன் பையனைப் பார்த்துத்தான் எழுதுவோம். அவன் முதல் மார்க் எல்லாம் வாங்கமாட்டான். ஆனால் பியூரெட்டை அச்சடித்த மாதிரி வரைவான், என்ன செய்தோம் என்பதை ஒரு படி விடாமல் எழுதிவைப்பான். சார் கண்டுபிடித்துவிட்டார், அடிக்கவில்லை. “பாக்குறது தப்பில்லடா, யாரப் பாத்து எழுதுனேன்னு அடியில எழுது.” அத்தனை நோட்டிலும் அவன் பெயர்தான்! முதல் மார்க்காரன் பெயர் ஒன்றில்கூட இல்லை, ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை.

ஆராய்ச்சி உலகத்தில் சைட்டேஷன் என்று தலையில் தூக்கி ஆடுகிறார்களே, அது இதுதான். உலகத்திலேயே அதிகம் பேர் மேற்கோள் காட்டிய கட்டுரை ஆலிவர் லௌரி என்ற அமெரிக்க உயிர்வேதியியல்காரர் 1951-ல் எழுதியது. 2014-ல் எண்ணிப் பார்த்தபோது 3 லட்சத்தைத் தாண்டியிருந்தது. பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை, ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் வழி. டிஎன்ஏ இரட்டைச் சுருள் என்று சொன்ன 1953 கட்டுரை முதல் 100-க்குள்ளேயே இல்லை. லௌரியே அதைத் தன் சிறந்த வேலையாக நினைக்கவில்லை.

அந்த முறையை நானும் நூற்றுக்கணக்கான தடவை செய்திருக்கிறேன். காரத்தன்மையுள்ள தாமிரக் கரைசலைச் சேர்த்துப் பத்து நிமிஷம் விட்டு, மஞ்சளான ஃபோலின் கரைசலை ஊற்றிய கையோடு குலுக்க வேண்டும், தாமதித்தால் காரத்தில் அது வீணாகிவிடும். அரை மணி நேரத்தில் நீலம் ஏறும், புரதம் எவ்வளவோ அவ்வளவு நீலம். சரி, நம்ம ஊர்ப் பாசியில் பார்ப்போமே என்று ஒரு லீவில் மண்டபம் கடற்கரையிலிருந்து கட்டக்கோரை என்கிற கடற்பாசியைக் காயவைத்து எடுத்துப் போனேன். குழாயெல்லாம் கருநீலம். கோழிக்கறிக்குச் சமமான புரதம் என்று குதித்துக்கொண்டு காட்டினால் எங்கள் தலைவர் சிரிக்கிறார். கட்டக்கோரையில் பீனால் என்கிற, புரதமே அல்லாத பொருள் அதிகம், ஃபோலின் அதற்கும் நீலமாகும், பீனாலை அளக்கவே அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்! அமிலத்தில் புரதத்தை மட்டும் வீழ்படிவாக்கி, கழுவி, மறுபடி கரைத்து அளந்தேன். மானம் போனது.

அந்தக் கழுவுகிற வேலையை நாலு பக்கத்தில் எழுதிப் போட்டேன். உயிரைக் கொடுத்து எழுதிய என்சைம் கட்டுரைகளைச் சீந்த ஆளில்லை, இதைத்தான் இன்றைக்கும் எவனாவது மேற்கோள் காட்டுகிறான்.

அதில் ஒரு வரி: மாதிரிகள் இனவாரியாகப் பிரிக்கப்பட்டன. பிரித்தது எங்கம்மா. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் முப்பது வருஷம் பாசி எடுத்தவர், மரிக்கொழுந்து எது, கஞ்சிப்பாசி எது என்று இருட்டில் தடவியே சொல்லுவார். திண்ணையில் சாக்கை விரித்து அரை மணியில் பிரித்துக் கொடுத்தார். கட்டுரையில் அவர் பெயர் இல்லை. அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. சார் திருத்தியிருந்தால் அந்த வரியில் சிவப்பு மையில் சுழித்திருப்பார்.