பிளொப்பியை யார் பாவிக்கிறார்கள்?

2015 மே மாதம் கிளிநொச்சியில் ஒரு சிறிய நிறுவனத்தின் கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேர்வர் என்று இருந்தது ஒன்றே ஒன்று. அதில் கேவிஎம் என்ற மென்பொருளைப் போட்டு, ஒரே இயந்திரத்துக்குள் தனித்தனியாக இயங்கும் நாலு மெய்நிகர் கணினிகள்: கணக்குக்கு, சம்பளத்துக்கு, கோப்புகளுக்கு, பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு. ஒரு காணியை வேலியடைத்து நாலு துண்டாக்கியது மாதிரி. பிள்ளைகளுக்கு அவர்களின் துண்டில் ரூட் அதிகாரமும், அதாவது எதையும் மாற்றும் முழு அதிகாரமும், கொடுத்திருந்தேன். உடைத்துப் பழகட்டும், வேலி இருக்கிறதுதானே என்ற துணிவு.

மே 13ஆம் திகதி ‘வெனம்’ பற்றிய செய்தி வந்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஜேசன் கெஃப்னர் கண்டுபிடித்த பாதுகாப்பு ஓட்டை. இடம், கேவிஎம்மோடு சேர்ந்து மெய்நிகர் கணினிகளைச் சுமக்கும் கியூஎமு என்ற மென்பொருளின் பிளொப்பி கட்டுப்படுத்தி, அதாவது பழைய பிளொப்பி வட்டுகளைக் கையாளும் பகுதி. சிரிப்புத்தான் வந்தது. எங்கள் ஒபிஸில் பிளொப்பி என்றால் அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடித்துக் கிடந்த ஒரு பெட்டி. மெய்நிகர் கணினி எதிலும் நான் பிளொப்பி சேர்க்கவேயில்லை.

மிச்சத்தையும் வாசித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. நாங்கள் சேர்க்காவிட்டாலும் அந்த நிரல் உள்ளே இயங்கிக்கொண்டுதான் இருக்குமாம். 2004 முதல் கிடந்த பிழை. கட்டுப்படுத்திக்கு வரும் கட்டளைகள் 512 பைட் கொள்ளும் பஃபர் என்ற தற்காலிக நினைவிடத்தில் சேரும். கட்டளை முடிந்ததும், சேர்ந்த பைட்டுகளின் எண்ணிக்கை திரும்பப் பூச்சியத்துக்கு வரவேண்டும். இரண்டு கட்டளைகளுக்கு மட்டும் அது உரிய நேரத்தில் நடக்கவில்லை. விடாமல் அனுப்பினால் பஃபர் நிரம்பிப் பக்கத்து நினைவகத்துக்குள் வழியும். அதைக் கணக்குப் பார்த்து வழியவிடத் தெரிந்தவன் தாய்க் கணினிக்குள், அதாவது சேர்வருக்குள்ளேயே, இறங்கலாம். அங்கிருந்து மற்றத் துண்டுகள் எல்லாம் கைக்கெட்டும் தூரம். வேலியில் அப்படியொரு பொட்டு! அதற்குள் நுழைய வேண்டியது ரூட் அதிகாரம் மட்டும்தான். அதைப் பிள்ளைகளிடம் கொடுத்தது நான்.

திருத்தம் உடனேயே வந்திருந்தது. இறக்கிப் போட்டேன். பின்னேரம் நாலு கணினிகளுக்குள்ளும் போய் ரீபூட் கொடுத்தேன். “தம்பி, சம்பளப் பட்டியல் பாதியிலை நிக்குது!” என்று கணக்காளர் அக்கா சத்தம் போட்டார். சரி, வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை, என்னோடு வேலை பழகிய தம்பி திரையைக் காட்டினான். “அண்ணை, இந்த நாலும் மாசியிலை தொடங்கினதெண்டு கிடக்கு?”

பார்த்தேன். இயங்கும் நிரல்களின் பட்டியலில், கியூஎமு வரிகள் நாலுக்கும் நேரே தொடங்கிய நாள் பெப்ரவரி 12. கணினிக்குள் இருந்து ரீபூட் கொடுத்தால் உள்ளே இருப்பதுதான் எழும்பும். அதைச் சுமக்கும் கியூஎமு பழைய நிரலோடு அப்படியே இருக்கும். முழுதாக அணைத்துத் திரும்பப் போட்டிருக்கவேண்டும். அறிவித்தலிலும் அது எழுதியிருந்தது. நான்தான் அந்த வரிக்கு முன்னமே எழும்பிப் போயிருக்கிறேன். இத்தனைக்கும், யுபிஎஸ் தாங்காத அளவுக்கு ஒரு தரம் கரண்ட் போயிருந்தாலே என் வேலை தானாக முடிந்திருக்கும். கிழமைக்கு நாலு தரம் போகும் கரண்ட், அந்தக் கிழமை என்று பார்த்து அசையவேயில்லை.

சனிக்கிழமை ஒபிஸில் ஒருவரும் இல்லாத நேரம் நாலையும் அணைத்தோம். மூன்றை மட்டும் திரும்பப் போட்டோம், மே 16 என்று காட்டியது. பயிற்சிக் கணினியை அந்தச் சேர்வரில் ஏற்ற மனம் வரவில்லை. மூலையில் கிடந்த பழைய டெஸ்க்டொப் ஒன்றைத் தூசு தட்டி, பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்தேன்.

அதன் முகப்பில் ஒரு பிளொப்பி வாய் இருந்தது. “இது என்னத்துக்கு அண்ணை?” என்று தம்பி விரலை விட்டுப் பார்த்தான்.