அப்பாவின் இம்பாலாவும் ஆறு மில்லிமீட்டரும்

எங்கள் வீட்டில் இருப்பது 1964 மாடல் செவ்ரோலே இம்பாலா. தாத்தா வாங்கி, அப்பா ஓட்டி, இப்போது நான் அதன் அடியில் படுத்துப் பார்க்கிற வண்டி. பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். முன்னோக்கி இரண்டே கியர்தான். ஜெனரல் மோட்டார்ஸ் அதை 1950-இலிருந்து 1973 வரை போட்டது. கியர் மாற்றும் கைப்பிடி ஸ்டீயரிங் பக்கத்திலேயே இருக்கும்: பி (நிறுத்தி வைக்க), ஆர் (பின்னால் போக), என் (நியூட்ரல்), டி (ஓட்ட), எல் (முதல் கியர் மட்டும்). எதில் இருக்கிறது என்று ஒரு முள் காட்டும்.

போன மழைக்காலத்தில்தான் தொல்லை ஆரம்பித்தது. முள் என்-இல் நிற்கும், ஆனால் ஸ்டார்ட் செய்ததும் வண்டி மெல்ல முன்னால் நகரும். டி-யில் போட்டால் முதல் கியரிலேயே இரைந்துகொண்டு ஓடும், இரண்டாவதுக்கு மாறவே மாறாது. ஒருநாள் போர்ட்டிகோ சரிவில் பி-யில் போட்டு இறங்கினார் அப்பா. கதவைச் சாத்துவதற்குள் வண்டி அரை அடி பின்னால் உருண்டது. பின்னால் யாரும் இல்லாதது எங்கள் நல்ல நேரம்.

ஒரு பட்டறையில் காட்டினோம். ஓட்டிப் பார்த்த கையோடு, கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்றார்கள். அப்பா தலையாட்டிவிட்டார். எனக்கு மனம் வரவில்லை. கியர் ஆயிலின் அளவுகோலை உருவி முகர்ந்து பார்த்தேன். ஆயில் சிவப்பாகவே இருந்தது, தீய்ந்த வாடை துளியும் இல்லை. உள்ளே கிளட்ச் எரிந்திருந்தால் ஆயில் பழுப்பாகியிருக்கும். அப்படியென்றால் கோளாறு வெளியே, கைப்பிடியையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற கம்பியில் இருக்கலாம் என்று தோன்றியது.

கியர்பாக்ஸுக்குள் ஆயில் எந்த வழியாகப் போக வேண்டும் என்று தீர்மானிக்கிற வால்வு ஒன்று உண்டு. கைப்பிடியை அசைத்தால் கம்பி அந்த வால்வை நகர்த்தும். அது சரியான இடத்தில் நிற்காமல் இரண்டு நிலைகளுக்கு நடுவில் நின்றால், பாதி திறந்த குழாய் மாதிரிதான். அழுத்தம் குறையும், கிளட்ச் வழுக்கும், அப்படியே நாள்கணக்கில் ஓட்டினால் நிஜமாகவே எரிந்துபோகும். பி-யிலோ என்-இலோ இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்ற பாதுகாப்பு சுவிட்சை நம்பவும் முடியாது. அது இருப்பது ஸ்டீயரிங் தண்டில். கைப்பிடி எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

ஞாயிறு காலை ஆரம்பித்தோம். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கருங்கல் வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். பி-யை நம்ப முடியாத வண்டியில் இதில் ஒன்றைக்கூட விடக் கூடாது. ஸ்பானரையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க வண்டிக்கு இன்ச் ஸ்பானர்தான். அரை இன்ச் நட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பானரும் ஏறும், ஆனால் 0.3 மில்லிமீட்டர் ஆடும். துருப்பிடித்த நட்டில் அந்த ஆட்டம் போதும், முனையெல்லாம் மழுங்கிவிடும்.

கியர்பாக்ஸின் இடப்பக்கம் ஒரே அச்சில் இரண்டு லீவர்கள். ஒன்று கைப்பிடியிலிருந்து வருவது, இன்னொன்று கார்புரேட்டரிலிருந்து வருவது. முதலாவதன் கம்பியைக் கழற்றியதுமே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. கம்பியையும் லீவரையும் கோர்க்கிற 'பின்' என்ற சிறு ஆணி உட்காரும் ஓட்டை வட்டமாக இல்லை, முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தது. ஓட்டைக்குள் இருக்க வேண்டிய வளையம், அதாவது புஷ், என்று எதுவுமே மிச்சமில்லை, கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்த தூள் மட்டும்தான்.

அதை எடுத்துக்கொண்டு புதுப்பேட்டைக்குப் போனோம். லேத் பட்டறைப் பெரியவர் கம்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லா தேஞ்சுபோச்சும்மா. சும்மா முடுக்கினா நிக்காது. ஓட்டையப் பெருசாக்கி பித்தளை புஷ் போட்டுத் தர்றேன்." பிறகு அவரே, "எஞ்சின் மவுண்ட் எப்போ மாத்தினீங்க?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். போன வருடம்தான் மாற்றியிருந்தோம். "அப்போ இந்தக் கம்பியத் திருப்பி செட் பண்ணாங்களா?" யாரும் பண்ணவில்லை. எஞ்சினைத் தாங்குகிற பழைய மவுண்டின் ரப்பர் தொய்ந்து எஞ்சின் இறங்கியே கிடந்திருக்கிறது. புது மவுண்ட் அதைத் தூக்கிவிட்டது, கூடவே கியர்பாக்ஸும் இடம் மாறியது. கம்பியின் நீளம் மட்டும் பழையபடியே இருந்தது. பிரித்துப் போட்டிருந்தால் எத்தனை ஆயிரம் போயிருக்குமோ, கடைசியில் நோயும் தீர்ந்திருக்காது.

மதியம் திரும்ப அடியில் போனேன். கம்பி இல்லாததால் கியர்பாக்ஸ் லீவர் தன் போக்கில் அசைந்தது. பி-க்குக் கடைசி வரை தள்ளிவிட்டு, ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே திருப்பினேன். ஒவ்வொரு நிலையிலும் உள்ளே ஒரு உருளை பள்ளத்தில் விழுகிற மாதிரி 'டக்' என்று உட்காரும். காதுக்கு அவ்வளவாகக் கேட்காது, விரலுக்குத் தெரியும். ஆர், என், டி. டி-யில் நிறுத்தினேன்.

"அப்பா, கைப்பிடிய டி-ல வைங்க. முள்ளப் பாக்காதீங்க, தட்டி நிக்கிற இடம் இருக்கும், அதுல வைங்க."

"வெச்சாச்சும்மா. பிடிச்சுக்கிட்டு இருக்கேன்."

முள்ளை வைத்து அளப்பதுதான் எல்லோரும் செய்கிற தவறு. முள் மேலே இருக்கிற ஒரு அடையாளம் மட்டுமே. உண்மை கியர்பாக்ஸின் அந்தப் பள்ளத்தில் இருக்கிறது. அதை அசையாமல் வைத்துக்கொண்டு, கம்பியை அதற்கு ஏற்றபடி நீட்டவோ குறைக்கவோ வேண்டும். கம்பியின் முனையை லீவருக்கு நேராகப் பிடித்தேன். பின் ஓட்டைக்குள் போகவில்லை, ஆறு மில்லிமீட்டர் தள்ளி நின்றது. கம்பியின் நீளத்தை மாற்றுகிற ஸ்விவல் நட்டைத் தளர்த்தி நகர்த்தினேன். அழுத்தாமல், இழுக்காமல், பின் தானாக நழுவி உள்ளே போகிற வரை விடவில்லை. போனதும் நட்டை முடுக்கினேன். புது வாஷர், புது காட்டர் பின், கொஞ்சம் கிரீஸ்.

அப்புறம் அப்பா ஒவ்வொரு நிலையாக மாற்ற, நான் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். ஐந்திலும் 'டக்' விழுந்தது. எஞ்சினை ஓடவிட்டு, வண்டி சூடானதும், என்-இல் வைத்து ஆயில் அளவையும் பார்த்தேன். பவர்கிளைடில் அப்படித்தான் பார்க்க வேண்டும். என்-இல் வண்டி அசையவில்லை.

மறுநாள் விடியற்காலை காமராஜர் சாலை. கலங்கரை விளக்கத்திலிருந்து நேப்பியர் பாலம் பக்கமாகப் போனோம். டி-யில் கிளம்பி வேகம் பிடித்ததும் இரைச்சல் சட்டென்று இறங்கியது. இரண்டாவது விழுந்துவிட்டது. அப்பா எதுவும் சொல்லவில்லை, கைப்பிடியை ஒருமுறை தொட்டுக்கொண்டார். அங்கிருந்து நேரே பரங்கிமலைக்கு விட்டோம். ஏற்றத்தில், சக்கரத்துக்குக் கல் வைக்க நான் தயாராக நிற்க, அவர் பி-யில் போட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். வண்டி லேசாகச் சாய்ந்து அப்படியே நின்றது.

கார்புரேட்டர் பக்கத்துக் கம்பி இன்னும் பாக்கி. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் அந்த லீவரும் கடைசி வரை போய் முட்ட வேண்டும். இல்லையென்றால் கியர் மாறும் நேரம் தப்பும். இப்போது கொஞ்சம் சீக்கிரமே மாறுகிறது. அது அடுத்த ஞாயிறு.