எந்த மருந்து?

"அண்ணே, இது பொடுகுக்குத் தேய்க்கும் மருந்துதானே? இதற்கு எதற்கு இவ்வளவு கவசம்?"

சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பகுதியில், எங்கள் மருந்துத் தொழிற்சாலையின் எடை போடும் அறைக்கு வெளியே நின்றுகொண்டு புதுக்கோட்டைத் தம்பி ஒருவன் என்னிடம் இப்படிக் கேட்டான். வேலைக்குச் சேர்ந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அவன் கேட்டதில் குற்றமில்லை. எங்கள் முன்னால் இருந்த டிரம்மில் கீட்டோகொனசோல், 25 கிலோ என்று எழுதியிருந்தது. அதே பெயரை மருந்துக்கடையில் ஷாம்பு புட்டியின் மேலும் பார்க்கலாம். என் வீட்டுக் குளியலறையிலும் ஒரு புட்டி இருந்தது.

டிரம்மின் பக்கவாட்டில் சிவப்புக் கட்டம் போட்ட மூன்று படங்கள். ஒன்று மண்டையோடு. இரண்டாவது, மார்பில் நட்சத்திரம் வெடித்தாற்போல ஒரு மனிதன். மூன்றாவது, செத்த மரமும் செத்த மீனும். ஷாம்பு புட்டியில் மண்டையோடு கிடையாது. தம்பியின் குழப்பம் அங்கேதான்.

அவனிடம் ஒரு கணக்குச் சொன்னேன். ஷாம்புவில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் இந்த மருந்து. தேய்த்து ஐந்து நிமிடத்தில் அலசிவிடுகிறோம். தோல் வழியாக உள்ளே இறங்குவது மிகச் சொற்பம். மாத்திரையாகக் கொடுத்த காலத்தில் ஒரு மாத்திரைக்கு 200 மில்லிகிராம். அப்படியானால் இந்த டிரம்முக்குள் எத்தனை மாத்திரை? அவன் கைபேசியை எடுத்துத் தட்டிப் பார்த்தான். ஒரு லட்சத்து இருபத்தையாயிரம். "இதை மாவு சலிப்பதுபோல அள்ளப் போகிறோம், தம்பி" என்றேன். அதன் பிறகு கவசத்தைப் பற்றி அவன் பேசவில்லை. ஆனாலும் முழுதாக நம்பிவிட்டான் என்று சொல்ல மாட்டேன்.

பதினொரு வருடம் இந்த வேலையில் இருந்துவிட்டு எனக்குத் தோன்றுவது இதுதான்: எங்கள் ஆட்களைக் கவனக்குறைவாக ஆக்குவது 'மருந்து' என்ற சொல். அமிலம் என்றால் தள்ளி நிற்பார்கள். கரைப்பான் என்றால் மூக்கைச் சுளிப்பார்கள். மருந்து என்றால் அது நம் பக்கத்து ஆள் என்று நினைத்துவிடுகிறார்கள். இத்தனைக்கும் நாங்கள் எல்லாம் கிராமத்திலிருந்து வந்தவர்கள். எங்கள் ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம். அங்கே 'மருந்து குடித்துவிட்டான்' என்றால் எந்த மருந்து என்று யாரும் கேட்பதில்லை. வண்டி பிடிக்க ஓடுவார்கள். வயலுக்கு அடிப்பதும் மருந்துதான், திருவிழா வெடிக்குள் அடைப்பதும் மருந்துதான். வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டத்தில் (டூல்பாக்ஸ் கூட்டம் என்போம்) ஒருநாள் இதைச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஒருவர் மெதுவாக, "வெடிக்குமா, அண்ணே?" என்றார். வெடிக்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பொருள் 1981-இல் அமெரிக்காவில் மாத்திரையாக அனுமதி பெற்றது. பூஞ்சை தன் உறையைக் கட்டிக்கொள்ள எர்கோஸ்டெரால் என்ற ஒரு பொருளைத் தயாரிக்க வேண்டும். அந்தத் தயாரிப்பில் ஒரு நொதியை இது பூட்டிவிடுகிறது. சங்கடம் என்னவென்றால், அந்த நொதியின் உறவுக்கார நொதிகள் நம் உடம்பிலும் உண்டு. ஒரே ஆசாரி செய்த பூட்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்; பூஞ்சைக்கு என்று வெட்டிய சாவி நம் கல்லீரலிலும் சுரப்பிகளிலும் போய் நுழைகிறது. மாத்திரை விழுங்கியவர்களில் சிலருக்குக் கல்லீரல் கடுமையாகக் கெட்டது. 2013 ஜூலையில் ஐரோப்பிய மருந்து முகமை இந்த மாத்திரையின் விற்பனையை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. அமெரிக்காவும் அதே மாதம் அதன் பயன்பாட்டைச் சுருக்கியது. களிம்புக்கும் ஷாம்புக்கும் அந்தத் தடை இல்லை. நாங்கள் எடை போட்டதும் களிம்புக்குத்தான்.

மார்பில் நட்சத்திரம் வெடித்த மனிதனைப் பற்றி வகுப்பில் யாரும் கேள்வி கேட்பதில்லை. பேருந்தில் கேட்பார்கள். விடுதிக்குத் திரும்பும் வழியில், கல்யாணமாகி ஆறு மாதமான ஒருவர் என் பக்கத்து இருக்கைக்கு மாறி உட்கார்ந்தார். வெளியே பார்த்துக்கொண்டே, "இதனால் பிள்ளை இல்லாமல் போய்விடுமா?" என்றார். மருந்தின் ஆபத்துகளைப் பட்டியலிடும் பாதுகாப்புத் தரவுத்தாளில் கருவுறும் திறனைப் பாதிக்கலாம் என்று ஒரு வரி இருக்கிறது. அவர் அதைத் தங்கும் அறையில் யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதிக அளவில் விழுங்கினால் ஆண் ஹார்மோன் குறையும், உண்மை; புராஸ்டேட் புற்றுநோய்க்கு அந்தக் குணத்துக்காகவே இதைக் கொடுத்த மருத்துவர்கள் உண்டு. நிறுத்தினால் ஹார்மோன் மறுபடி ஏறும், அதுவும் உண்மை. "அவர்கள் விழுங்கினார்கள். நீங்கள் விழுங்காமல் இருப்பதற்குத்தான் இந்த ஏற்பாடு எல்லாம்" என்றேன். மறுநாள் அவரை நிறுவன மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் வேலை செய்தபோது எடுத்த காற்று மாதிரியின் முடிவையும் அவரிடம் எடுத்துக் காட்டினேன். இடுப்பில் ஒரு சிறு பம்பு, சட்டைக் காலருக்குப் பக்கத்தில் ஒரு வடிகட்டி. ஷிஃப்ட் முழுக்க அவர் மூச்சு விடும் இடத்துக் காற்றை அது இழுத்து வைத்திருக்கும். அந்தத் தாளில் எண் சிறியதாக இருந்தது. தாளைப் படம் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நிறுவன விதிப்படி கூடாது. நான் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

தை மாதம் வந்தால் வேறொரு தலைவலி. தைப்பூசத்துக்குச் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை காவடி எடுக்கும் தம்பிகள் விரதம் இருப்பார்கள், தாடி வளர்ப்பார்கள். தாடி உள்ள முகத்தில் முகக்கவசம் ஒட்டி உட்காராது. கவசம் பொருந்துகிறதா என்று பார்க்கத் தலைக்கு மேல் ஒரு பையை மாட்டி, உள்ளே கசப்பு நீரைப் பீய்ச்சுவோம். நாக்கில் கசந்தால் காற்று கசிகிறது என்று பொருள். விரதக்காரத் தம்பிக்கு முதல் பீய்ச்சலிலேயே கசந்தது. சவரம் செய், இல்லையென்றால் கிடங்குக்குப் போ என்றார் மேலதிகாரி. கிடங்கில் மிகைநேர வேலை இல்லை. அவனுக்கு ஊரில் கடன் இருந்தது. விசிறி வைத்துக் காற்றை வடிகட்டித் தலைக்குள் ஊதும் தளர்வான ஹூட் ஒன்று இருக்கிறது. அதற்குத் தாடி தடையில்லை. விலைதான் அதிகம். மூன்று மின்னஞ்சலும் ஒரு சண்டையும் ஆனது, ஹூட் வந்தது. முருகனுக்கும் மனிதவள அமைச்சுக்கும் ஒரே நேரத்தில் நல்ல பிள்ளையாக இருக்க முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

இப்போது என் கதை. என்னை நானே மெச்சிக்கொண்டிருந்த காலம் அது. புதியவர்களுக்குக் கவசத்தைக் கழற்றும் முறையைக் காட்டுவது என் பொறுப்பு. முதலில் நீர்ப்புகை அறையில் நின்று மேலே படிந்த தூளை நனைத்துவிட வேண்டும். பிறகு வெளிக் கையுறை. பிறகு மேலுடையை உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டி இறக்க வேண்டும். மூச்சுக்கருவி கடைசி, உள்கையுறை அதற்கும் கடைசி. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்.

ஒருநாள் பயிற்சிக்கு நிஜ மருந்துக்குப் பதிலாக ரைபோஃபிளேவின் கொண்டு வந்தார்கள். வைட்டமின் பி2தான், மஞ்சள் தூள், தீங்கில்லாதது, புற ஊதா விளக்கின் கீழ் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். நான் இரண்டு கிலோ அள்ளி எடை போட்டேன், பையைக் கட்டினேன், முறைப்படி கழற்றினேன், கை கழுவினேன். "கோப்பி குடித்துவிட்டு வாருங்கள்" என்றார் பயிற்சியாளர். குடித்துவிட்டு வந்தேன். அறை விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கை என் மேல் பிடித்தார்.

வலது மணிக்கட்டில் வளையல் போட்டதுபோல ஒரு மெல்லிய கோடு, கையுறை விளிம்பும் சட்டைக் கையும் சேர்ந்த இடத்தில். இடது காதுக்குப் பின்னால் கட்டைவிரல் அளவுக்கு ஒரு திட்டு. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் நாடாவில் நான்கைந்து புள்ளிகள். மீசையில், வலப்பக்க நுனியில், ஒரே ஒரு துளி மினுமினுத்தது. பயிற்சியாளர் ஒன்றும் சொல்லாமல் விளக்கைத் தூக்கிக்கொண்டு தேநீர் அறைக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். குளிர்பெட்டியின் கைப்பிடியில் என் மூன்று விரல்கள் வரிசையாக ஒளிர்ந்தன. யாருடைய சாப்பாட்டுப் பெட்டி அதற்குள் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

மூச்சுக்கருவியின் வார் காதை உறுத்தும்போது கையுறையோடு அதை ஒதுக்கிவிடுவது என் பழக்கம். எத்தனை வருடப் பழக்கமோ! புதுக்கோட்டைத் தம்பி என் காதையே பார்த்துக்கொண்டு நின்றான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

வெடிப்பைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். பெரும்பாலான மருந்துத் தூள்கள் கரிமப் பொருள்கள். மெல்லிய தூளாகக் காற்றில் கலந்து, ஒரு பொறியும் கிடைத்துவிட்டால் எரியும், அடைத்த இடமானால் வெடிக்கும். பிளாஸ்டிக் பையிலிருந்து தூளை வேகமாகக் கொட்டினாலே நிலைமின்சாரம் சேரும். அதனால் டிரம்மையும் பாத்திரத்தையும் எர்த் கிளாம்ப் என்ற கவ்வி மாட்டி, கம்பி போட்டுப் பூமியோடு இணைத்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். இதைச் சொன்னால் முன்பெல்லாம் கதை கேட்பதுபோலக் கேட்பார்கள். 2021 பிப்ரவரி 24 அன்று துவாஸ் அவென்யூ 11-இல் ஒரு பட்டறையில் இயந்திரம் வெடித்தது. அங்கே படிந்திருந்த உருளைக்கிழங்கு மாவும் அடுத்தடுத்துப் பற்றிக்கொண்டது. மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். ஒருவர் தமிழ்நாட்டுக்காரர். அதற்குப் பிறகு எர்த் கிளாம்ப் மாட்டினாயா என்று நான் யாரையும் இரண்டாவது தடவை கேட்க வேண்டியிருந்ததில்லை.

செத்த மீன் படத்துக்கு விளக்கம் எளிது. பாத்திரம் கழுவிய தண்ணீர் சாக்கடைக்குப் போகக்கூடாது. தனித் தொட்டியில் சேர்த்து, உரிமம் பெற்ற கழிவு நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரித்துப் புதுநீராக்கும் ஊரில் இதற்கு மேல் விளக்கம் எதற்கு?

ஊரில் அப்பா நெல்லுக்கு அடிப்பது ஹெக்சகொனசோல். இலையுறைக் கருகலுக்கான மருந்து. பெயரின் வாலைப் பாருங்கள். எங்கள் டிரம்மில் இருப்பதன் பங்காளி. அதே வகைப் பூட்டு, அதே வகைச் சாவி. வாரம் ஒருமுறை பேசும்போது "நாளைக்கு மருந்து அடிக்க வேண்டும்" என்பார். முகத்துக்கு என்ன கட்டுவீர்கள் என்று நான் கேட்டதே இல்லை. குளிர்பெட்டிக் கைப்பிடியைப் பார்த்த அந்த வாரம்தான் கேட்டேன். துண்டு என்றார். காற்று எதிரே அடித்தால்? திரும்பி நின்று அடிப்பேன் என்றார்.

அடுத்த விடுமுறைக்கு, வடிகட்டிக் குப்பி பொருத்தும் அரைமுகக் கவசம் ஒன்றும் முழங்கை வரை வரும் கையுறை இரண்டு ஜோடியும் வாங்கிப் போனேன். திண்ணையில் உட்காரவைத்து மாட்டிவிட்டேன். வாரை இழுத்துக் கட்டி, குப்பிகளை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னேன். கவசம் முகத்தோடு ஒட்டி உள்வாங்க வேண்டும். ஒட்டவில்லை. பத்து நாள் வெள்ளைத் தாடி, கன்னத்து ஓரமாகக் காற்று புசுபுசுவென்று போய்க்கொண்டிருந்தது.

"சவரம் செய்துகொள்ளுங்கள் அப்பா, பிறகு பார்க்கலாம்" என்றேன்.

கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "இன்றைக்கு வெள்ளிக்கிழமை" என்றார்.