ஆச்சியைத் துண்டு துண்டாய்ப் பார்க்காதீர்கள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிந்த மனோரமா, யூரியூப்பில் ஓடும் இரண்டு நிமிட மனோரமா. ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தின் ‘கம்முனு கெட’ காட்சி, ‘சின்ன கவுண்ட’ரில் பல் எடுப்பான அம்மா, அவ்வளவுதான். துண்டுகளில் சிரிப்பு மட்டுமே தங்கும். அந்தச் சிரிப்புக்கு முன்னும் பின்னும் அவர் செய்கிற வேலை தெரிய வேண்டுமென்றால் படத்தை முழுதாகப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

முழுதாகப் பார்ப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 60களிலும் 70களிலும் நகைச்சுவை என்பது படத்துக்குள் தனித் தடமாக ஓடும். நாயகன் நாயகி கதை ஒரு பக்கம், நாகேஷ் மனோரமா, சோ மனோரமா, தேங்காய் சீனிவாசன் மனோரமா கதை இன்னொரு பக்கம். அதை வெட்டினாலும் கதை நொண்டாது என்பதால், தொலைக்காட்சிக்கு நேரம் போதாவிட்டால் கத்தரி முதலில் விழுவது அங்கேதான். ஆகவே படத்தைத் தொடங்குமுன் அதன் நீளத்தைப் பாருங்கள். ‘தில்லானா மோகனாம்பாள்’ ஏறக்குறைய மூன்று மணி நேரப் படம். இரண்டரை மணிக்குக் குறைந்த பிரதி கிடைத்தால் மூடிவிட்டு வேறு தேடுங்கள்.

மனோரமாவின் இயற்பெயர் கோபிசாந்தா. 1937இல் மன்னார்குடியில் பிறந்தவர், வளர்ந்தது காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூரில். ‘ஆச்சி’ என்ற செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டது அந்தச் செட்டிநாட்டு வாசத்தால். நாடகமேடையில் தேறியபின் திரையில் முதலில் தலைகாட்டியது, எங்கட ஆட்கள் பலருக்கே தெரியாது, ஒரு சிங்களப் படத்தில். 1957இல், நாயகியின் தோழியாக ஆடுகிற சின்ன வேடம். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. 1947இல் வந்த ‘கடவுனு பொறொந்துவ’ தொடங்கி அந்தக் காலத்துச் சிங்களப் படங்கள் பல தென்னிந்திய ஸ்டூடியோக்களில்தான் எடுக்கப்பட்டன. அங்கிருந்த மேடைக் கலைஞர்களுக்கு அதில் இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டே கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’யில் நகைச்சுவை வேடம். 1963இல் ‘கொஞ்சும் குமரி’யில் நாயகியாகவும் நடித்தார். அந்த வழியிலேயே போயிருந்தால் பத்து வருடத்தில் அக்கா, அண்ணி வேடத்தோடு ஒதுக்கியிருப்பார்கள். நகைச்சுவைக்கு வயதெல்லை இல்லை. அவர் கடைசிக் காலம்வரை நின்றதற்கு என் கணக்கில் இதுதான் காரணம்.

இனி ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் மனோரமா ஏற்ற ஜில் ஜில் ரமாமணிக்கு வருவோம். கொத்தமங்கலம் சுப்புவின் தொடர்கதையை ஏ.பி. நாகராஜன் 1968இல் படமாக்கினார். சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என்று ஆளை விழுங்கும் கூட்டம். அதற்குள் நாடகக்காரி ரமாமணி வருகிறாள். மூக்கால் இழுத்த குரல், குலுக்கல், வாய் ஓயாத பேச்சு. உங்கள் நாயனத்தில் மட்டும்தான் இந்தச் சத்தம் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று நாதஸ்வரக்காரர் சிக்கல் சண்முகசுந்தரத்தை (சிவாஜி) கேட்கிறாளே, அந்த இடத்தில் சத்தத்தை அணைத்துவிட்டு முகத்தை மட்டும் பாருங்கள். கேலியின் சாயலே கிடையாது. அவள் உண்மையாகவே கேட்கிறாள், உண்மையாகவே மயங்கிப்போயிருக்கிறாள். கேள்வி சிரிப்பு, முகம் பக்தி. தனக்குக் கிடைக்க மாட்டார் என்று தெரிந்த ஒருவரிடம் அவள் காட்டும் அந்த மரியாதைதான் பாத்திரத்தைக் கோமாளித்தனத்திலிருந்து காப்பாற்றுகிறது.

இங்கே பலர் சறுக்கும் விடயம் ஒன்று. அதே படத்தின் ‘பாண்டியன் நானிருக்க’ பாட்டை மனோரமா பாடியது என்பார்கள். குரல் எல்.ஆர். ஈஸ்வரி. மனோரமாவின் சொந்தக் குரல் வேண்டுமென்றால் அதே ஆண்டின் ‘பொம்மலாட்டம்’ படத்துக்குப் போங்கள்: வி. குமார் இசையில் ‘வா வாத்யாரே வூட்டாண்ட’. அச்சு மெட்ராஸ் பாஷை. ‘சூரியகாந்தி’ (1973) படத்தில் ‘தெரியாதோ நோக்கு’ என்று அக்கிரகாரத் தமிழில் பாடுகிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். மாறுவது சொற்கள் மட்டுமல்ல, மூச்சு விடுகிற இடமும் மாறுகிறது. மிமிக்ரிக்காரர் சொல்லைப் பிடிப்பார், மூச்சைக் கோட்டைவிடுவார்.

‘சின்ன கவுண்டர்’ (1992) கொங்குப் பேச்சு. கூடவே எடுப்பான பொய்ப்பல். அதை மாட்டினால் மேலுதடு கீழே வராது. ப, ம, வ மூன்றும் வழுக்கும். அந்தக் காலத்தில் வசனம் டப்பிங்கில் பதிவானது என்பதால், பல் வைத்த வாயின் சத்தத்தை ஒலிப்பதிவுக் கூடத்திலும் திரும்பக் கொண்டுவர வேண்டும். அப்படியும் ஒரு சொல் விழுங்கப்படவில்லை.

‘நடிகன்’ (1990) அவரது வேலையில் ஆபத்தான ஒன்று. கிழவராக வேடமிட்டு வந்த சத்யராஜிடம் மனதைப் பறிகொடுக்கும், வயது போன கல்யாணமாகாத பெண். கொஞ்சம் கை தவறினால் அருவருப்பாகியிருக்கும். அவரோ அந்தக் காதலை நிஜமென்றே வைத்து நடிக்கிறார். அகப்பட்டு முழிக்கும் வேலையைச் சத்யராஜிடம் விட்டுவிடுகிறார். தேசிய விருது கிடைத்தது ‘புதிய பாதை’க்கு (1989), துணை நடிகையாக. என் தெரிவு கேட்டால் ‘இந்தியன்’ (1996) குப்பம்மா. நிவாரணப் பணத்துக்காக அலுவலக மேசைகளுக்கு அலைகிற கிழவி. திட்டுகிறபோது அரங்கு சிரிக்கும். திட்டு முடிகிற இடத்தில் சிரித்தவருக்கே வெட்கமாக இருக்கும்.

இணையத்தில் படப்பட்டியல் தேடுபவர்கள் கவனிக்க: இந்தியில் வேறொரு மனோரமா இருந்தார், ‘சீதா அவுர் கீதா’ (1972) படத்தின் கொடுமைக்காரச் சித்தி. அவர் 2008இல் காலமானார், எங்கட ஆச்சி 2015 ஒக்டோபர் 10இல். இரண்டு பட்டியல்களும் அடிக்கடி கலந்துவிடும். ஆச்சியும் மெஹ்மூதின் ‘குன்வாரா பாப்’ (1974) இந்திப் படத்தில் நடித்திருப்பதால் குழப்பம் கூடுகிறது.

சிங்கள நண்பர்களோடு சேர்ந்து பார்ப்பதென்றால் ‘சின்னத்தம்பி’யில் (1991) தொடங்குங்கள். மனோரமா ஏற்ற அந்தத் தாயின் பாடு உபதலைப்பு இல்லாமலே போய்ச் சேரும். ‘பொம்மலாட்ட’த்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்; மெட்ராஸ் பாஷைக்கு ஆங்கில உபதலைப்பு போட்டால் பாதி நகைச்சுவை அதிலேயே காலி, பக்கத்தில் இருந்து ஒருவர் சொல்லிக்கொண்டே வரவேண்டும்.